நாஞ்சில் நாடு தந்த நகைச்சுவை மன்னர்

திருவிதாங்கூர் மன்னராட்சியில் பிறந்து, தமிழ் பேசும் நிலம் முழுவதையும் சிரிக்க வைத்த ஒருவரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுதுவது பொருத்தமெனக் கருதுகிறோம். கேரள எல்லைக்குள் குடியிருந்து தமிழ் பேசும் நமக்குக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அண்டை வீட்டார் போன்றவர். அவர் பிறந்த 1908-ஆம் ஆண்டில் நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியும், நம்மவர் தேயிலை பறிக்கும் தேவிகுளம், பீர்மேடு மலைகளும் ஒரே சமஸ்தானத்தில் அடங்கியிருந்தன.

வறுமை அவரை அதிகம் படிக்க விடவில்லை. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன், நாளடைவில் அதே மேடையில் ஏறினான். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் ஒலிக்கும் வில்லுப்பாட்டு அவருக்கு ஊரிலேயே கிடைத்த சொத்து. டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தபின் நடிப்பும் பாட்டும் நன்கு பழகின.

1936-இல் வெளிவந்த சதி லீலாவதியே அவர் முதன்முதலாகக் காமிரா முன் நின்ற படம். அதே ஆண்டில் வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனா சென்றபோது டி. ஏ. மதுரத்தின் நட்பு வாய்த்தது. திரையிலும் இல்லறத்திலும் அந்த அம்மையார் துணையானார். இருவரும் தோன்றும் பகுதிகளுக்கு வேண்டிய கதையையும் உரையாடலையும் கிருஷ்ணனே தம் குழுவினரைக் கொண்டு அமைத்துவிடுவார். மூலக் கதைக்கும் அதற்கும் பல வேளைகளில் தொடர்பு இராது. படம் சுமாராக இருந்தாலும் இவர்கள் பகுதிக்காகவே மக்கள் டிக்கெட் வாங்கினர். பிறரை அடித்தும் உதைத்தும் சிரிப்பு மூட்டும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில், மூடநம்பிக்கையையும் சாதிச் செருக்கையும் குடியையும் கேலிக்கு இலக்காக்கியவர் அவர். கேலிக்கு உள்ளானவரும் உடன் சிரித்தார் என்பதுதான் வியப்பு.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. நடிகர்களின் சொந்த வாழ்வைப் பற்றி எழுதிவந்த இந்துநேசன் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். கோவை பட்சிராஜா ஸ்டுடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார். மற்ற இருவருக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடும் தள்ளுபடியாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னையில் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

அந்த இரண்டாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் மதுரம் அம்மையார் ஆற்றிய பணியை நாம் தனித்துச் சொல்லியாக வேண்டும். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் கலையாமல் நடத்தினார். அவர்கள் மேடையேற்றிய பைத்தியக்காரன் நாடகம் 1947-இல் படமாயிற்று. விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அதில் தோன்றினார். பாகவதருக்குப் பழைய செல்வாக்கு திரும்பவேயில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பாட்டை நம்பியவர்க்கும் சிரிப்பை நம்பியவர்க்கும் காலம் வேறுவேறு கணக்கு வைத்திருந்தது போலும்!

1949-இல் அறிஞர் அண்ணா எழுதிய நல்லதம்பி வெளிவந்தது. அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை இரயில்வேயில் ஊழியம் பார்க்கும் நம்போன்றோர் மறக்கவியலாது. நந்தனார் கதையை மாற்றி, ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வி தேடிப் புறப்படுவதாக அமைத்தார். அவன் கண்ட பெரும் அதிசயம் இரயில் வண்டி. மேல் கீழ் பாராமல் எல்லோரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்கிறதே! டிக்கெட் கொடுக்கும் நமக்கு நாள்தோறும் கண்ணெதிரே நிகழ்வது, அவர் பாடிய பிறகுதான் கருத்தில் பட்டது. அவர் தம் ஆசானாக மதித்துப் பாடல்கள் பெற்ற நாராயண கவி, நம் மூணாறு, மறையூர் மக்கள் சந்தைக்கு இறங்கிச் செல்லும் உடுமலை வட்டாரத்தைச் சேர்ந்தவர்.

இயக்குநராக அவர் தந்தவற்றுள் மணமகள் (1951), பணம் (1952) இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. திருவனந்தபுரத்துப் பத்மினி தமிழில் கதாநாயகியானது மணமகளில். பணம் படத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். விசுவநாதன், இராமமூர்த்தி இரட்டையர் சேர்ந்து இசையமைத்த முதற்படமும் அதுவே. இரண்டில் மணமகளே நமக்குப் பிடித்தது. பணத்தில் போதனை சற்று மிகுந்துவிட்டது என்பது நம் கருத்து.

வந்த பொருளை அவர் சேர்த்துவைக்கவில்லை. கேட்டவருக்குக் கொடுத்தார், கேளாதவர் வீட்டிலும் நிலையறிந்து கொடுத்தார். வில்லிசையில் பின்னாளில் பெயர் பெற்ற சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வாழ்வளித்தவரும் அவரே. கடைசிக் காலத்தில் கையிருப்பு கரைந்தது; கொடுக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

1956 நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பிறந்த ஊர் தமிழகமானதைக் கண்ட கலைவாணர், அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், ஐம்பது வயதுகூட நிரம்பாமல், சென்னையில் மறைந்தார். 1969 சனவரியில் தியாகராயநகரில் அவருக்குச் சிலை எழுந்தது. நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணா வந்து அதைத் திறந்து வைத்தார். அடுத்த மாதம் மூன்றாம் நாள் அண்ணாவும் மறைந்தார்.