தன்தொழில் கண்ட திருக்குறுங்குடியார்

சின்னாளப்பட்டித் தெருக்களில் சேலைக் கட்டுகளைச் சுமந்து செல்லும் சிறு வண்டிகளை நாம் நாளும் காண்கிறோம். அவற்றின்மேல் பொறித்துள்ள டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்து ஒரு மனிதரின் பெயர் என்பதை நம் மாணவருள் பலர் அறியார். முதலெழுத்து திருக்குறுங்குடி என்னும் ஊர், அடுத்தது வேங்கரம் என்னும் தந்தையார், மூன்றாவதே சுந்தரம். அவ்வரலாற்றை ஈண்டு எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

நம் துறையில் பயின்று முடித்த மாணவர் ஒருவர் ஒருநாள் நம்மை நாடி வந்தார். கூலி நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தேர்வெழுதி அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் வேண்டுகோள். சிறிய சாயப்பட்டறை ஒன்றைத் தாமே தொடங்க வேண்டும் என்பது மகனாரின் விருப்பம். இருவருக்கும் இடையே பேச்சே நின்றுபோயிருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் பெறும் நம்மிடம் அவர் தீர்ப்புக் கேட்டதுதான் வேடிக்கை. நாம் தீர்ப்பு வழங்கவில்லை. சுந்தரம் அய்யங்காரின் கதையைச் சொன்னோம்.

நெல்லைச் சீமையின் வைணவத் திருத்தலமாகிய திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22 அன்று பிறந்தவர் அவர். தந்தையார் விருப்பப்படி வழக்குரைஞரானார். பின்னர் இரயில்வேயில் பணி. அதன்பின் வங்கியில் பணி. ஆங்கிலம் கற்றவர்க்கு உத்தியோகமே புருஷ லட்சணம் என்று ஊரும் உறவும் நம்பிய காலம் அது. அத்தகைய காலத்தில், கையில் கிடைத்த மூன்று நிழல்களையும் ஒருவர் விட்டு வெளியேறினார் என்றால், அதைப் பணவாசை என்ற ஒரு சொல்லால் அளந்துவிட முடியுமா? பணமே குறிக்கோளாயின் வழக்குமன்றமே போதுமானது. பிறர் வகுத்த ஒழுங்கில் தம் திறன் முழுவதும் செலவாகாது என்ற உணர்வே அவரை உந்தியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

1911இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தம் நிறுவனத்தை நிறுவினார். 1912இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓடியது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே வழிப்பயணத்துக்கு உரியனவாக இருந்த நாட்களில், மோட்டார் வண்டியை நம்பிப் பயணச்சீட்டு வாங்க மக்களைப் பழக்கியது எளிய செயலன்று. அவர் கையாண்ட முறையோ மிக எளியது. குறித்த நேரத்தில் வண்டி புறப்படும். ஆள் நிறையட்டும் என்று காத்திராது. டி.வி.எஸ். பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டோம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாட்டு லாடங்களிலிருந்து உதிரும் ஆணிகள் சக்கரத்தைக் குத்தாதிருக்க, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி அவற்றைத் திரட்டினார்கள் என்பதும் அவர்கள் சொல்லும் செய்தியே. ஊதியம் பெறுபவன் ஆணியைக் கண்டால் ஒதுங்கிப் போவான். வண்டிக்கு உரியவனோ அந்த ஆணியைப் பற்றி இரவெல்லாம் எண்ணுவான். தொழில் தனதாகும்போது மனிதனுக்குள் நேரும் மாற்றம் இதுதான் போலும்!

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேருந்து நடத்தியோர் பலரும் கலங்கிய வேளை. அவரது நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கருவியைச் செய்து வண்டிகளை ஓட்டிக் காட்டியது. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ஆலையும் அவர் தொடங்கியவற்றுள் ஒன்று. பின்னர்ப் பொறுப்பை மைந்தரிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். 1955 ஏப்ரல் 28 அன்று மறைந்தார். நிறுவனத்தின் பெயரிலேயே 'அண்டு சன்ஸ்' என்று சேர்த்தவர், உரிய காலத்தில் அவர்களுக்கு வழிவிடவும் செய்தார். தொழில் தொடங்கியோர் பலருக்கு வாய்க்காத பண்பு இது.

அவர் மகள் செளந்தரத்தை இவ்வூரார்க்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இளமையிலேயே கணவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர் அவ்வம்மையார். கைம்பெண் வீட்டின் மூலையிலேயே இருக்க வேண்டும் என்று வழக்கம் விதித்த நாளில், தந்தையார் மகளை மருத்துவம் பயில ஊக்கினார். அம்மையார் தில்லி சென்று பயின்று 1936இல் மருத்துவரானார். 1940இல் காந்தியடிகளின் தொண்டரான ஜி. இராமச்சந்திரனை மணந்தார். 1947இல் இருவரும் நம் ஊரையடுத்துக் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கைகளுடன் தொடங்கிய மகப்பேற்று நிலையந்தான் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. தந்தை தொடங்கியது வாணிகம், மகள் தொடங்கியது தொண்டு என்று பிரித்துப் பேசுவோர் உளர். பிறர் போட்ட பாதையில் நில்லாத மனம் இருவர்க்கும் ஒன்றே என்பது நம் எண்ணம்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, ஒன்றை மறைத்துவிட்டோமோ என்ற உறுத்தல் நமக்கே எழுந்தது. சுந்தரனார்க்குக் கல்வி இருந்தது; தொழில் சரிந்திருப்பினும் மீண்டும் வழக்குமன்றம் செல்ல வழி இருந்தது. நம் ஊர்க் கூலி நெசவாளிக்கு அப்படியா? நூலும் பாவும் முதலாளியுடையவை. நெய்த சேலையும் அவருடையதே. தறி மட்டும் சிலர்க்குச் சொந்தம். அத்தகைய வீட்டில் ஒரு பட்டறைக் கடன் மூழ்கினால் தங்கையின் திருமணமும் தம்பியின் படிப்பும் உடன் மூழ்கும். விரும்பித் தொழில் தொடங்குவோரும் உளர். வேலை கிடையாத குறையால் தொழிலுக்குத் தள்ளப்படுவோரும் உளர். இருசாராரையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வது மேடைப் பேச்சாளர்க்கு எளிது. அத்தந்தையார் அஞ்சியதில் பிழையில்லை என்றும் அம்மாணவரிடம் கூறினோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, அந்த முதற்பேருந்தில் ஏற ஆளே வராதிருந்தால் சுந்தரனார் என்ன செய்திருப்பார் என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் தந்தையாரையும் உடனழைத்து வருமாறு சொல்லி அனுப்பினோம். இருவரும் வந்தார்கள், ஒரே வண்டியில்.