தூரத்தை அளந்த துரைசாமி

அன்னூர் மன்னீஸ்வரர் கோயில் தேரோட்டம். புது டிஜிட்டல் கேமராவில் தங்கையைப் படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்னால் நின்ற தேர் பளிச்சென்று இருக்கிறது. தங்கையின் முகம் மட்டும் கலங்கல்! ஏன் தெரியுமா குட்டீஸ்? கேமரா தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது.

இந்தத் தூரக் கணக்கோடு மல்லுக்கட்டிய ஒருவர் நம் கோவைப் பக்கத்திலேயே இருந்தார். அவர் பிறந்த ஊரின் பெயரும் கலங்கல்தான்!

சூலூர் அருகே உள்ள அந்தக் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் அவருக்கு வேப்பங்காயாகக் கசந்தது. படிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுகிறதே! துரைசாமிக்கு அதே நினைப்பு. கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றினார்! பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினார். எது எதற்கு இருக்கிறது என்று அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சி - பழனி தடத்தில் விட்டார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. அது தனிக்கதை. நாம் கேமராவுக்கு வருவோம்.

நாயுடுவுக்குப் படம் எடுப்பதில் கொள்ளை ஆசை. 1936 ஜனவரியில், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே சினிமா கேமராவில் பிடித்தார். யோசித்துப் பாருங்கள். ஊர்வலம் ஒரே முறைதான் போகும். அந்தக் காலக் கேமராவில் படத்தை உடனே காட்டும் திரை கிடையாது. லென்சைச் சுற்றி ஒரு வளையம், அதில் அடிக்கணக்கில் எண்கள். எதிரே இருப்பவர் பத்தடி தூரம் என்றால் வளையத்தைப் பத்தில் வைக்க வேண்டும். அவர் நெருங்கி வந்தால் வளையத்தையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஜனவரியில் லண்டனில் வெளிச்சமும் குறைவு. வெளிச்சத்துக்காக லென்சின் துளையை அகலமாகத் திறந்தால், தூரக் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். கண்மதிப்பு தப்பினால் படம் போச்சு! அதுவும் பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றை நாயுடுவே உருவாக்கினார். சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று அவர் செய்தவை ஏராளம். ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்தக் கேமரா கருவிதான்.

இன்று அந்த வேலையை உங்கள் கேமராவே செய்கிறது. பொத்தானைப் பாதி மட்டும் அழுத்துங்கள். லென்ஸ் லேசாக நகர்ந்து தூரத்தைப் பிடிக்கும். திரையில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அது தங்கை முகத்தில் விழுந்த பிறகு முழுசாக அழுத்துங்கள். பல கேமராக்களில் பூப்படம் போட்ட குறி இருக்கும். அது மிகக் கிட்டத்தில் உள்ள பொருளுக்கு. மலைப்படம் தொலைவுக்கு. பூவில் வைத்துவிட்டுத் தேரை எடுத்தால்? மறுபடியும் கலங்கல்தான்!

காந்திஜி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரும் நாயுடுவின் கேமராவில் பதிவானார்கள். 1974 ஜனவரி 4-ல் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அன்னூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். கேமராவோடு போகிறவர்கள், உள்ளே படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.