நல்லூர்ச் சுவாமிகளின் நாழிகைக் கணக்கு

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, அம்பிட்டியக் குன்றின்மேல் குருமடம் ஒன்று உண்டு. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில், 1893 ஆம் ஆண்டிலே, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகத் தொடங்கப்பெற்று, பெல்சிய நாட்டு இயேசு சபைக் குருமாரால் நடத்தப்பட்ட பழைய குருமடம் 1955 இல் பூனா நகருக்குப் பெயர்ந்தது. அதன்பின் அவ்விடம் இலங்கையின் தேசியக் குருமடமாயிற்று. ஆட்கள் மாறினர்; மணி மாறவில்லை. எழுவதற்கு மணி, செபத்துக்கு மணி, பாடத்துக்கு மணி, உணவுக்கு மணி, உறங்குதற்கும் மணி. அந்தக் குன்றின் கீழே குடியிருப்போருக்குச் சுவர்க் கடிகாரம் வேண்டுவதில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்குருமடத்திற் பயிலும் இளைஞர் ஒருவர், சில மாதங்களாக ஞாயிறு பிற்பகல்களில் என்னிடம் நன்னூல் பாடங் கேட்டுவந்தார். கூரிய அறிவினர். ஒருநாள் எழுத்ததிகாரம் நடுவில் ஏட்டை மூடிவைத்துவிட்டுத் தம் மனக்குறையைச் சொன்னார். குருமடத்து மணி தம் நாள் முழுவதையும் விழுங்கிவிடுகிறது என்றும், குருப்பட்டம் பெற்றபின் பங்கு மக்கள் எஞ்சியதையும் விழுங்குவர் என்றும், தமிழோ கடல் என்றும், இரண்டிலொன்றைக் கைவிடுவதுதான் நேர்மையோ என்றும் கேட்டார். நான் அறிவுரை சொல்லத் துணியவில்லை. நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகளின் வாழ்க்கையைச் சொன்னேன். அன்று சொன்னவற்றோடு பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகிறேன்.

சுவாமிகள் 1875 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 30 ஆம் நாள் மானிப்பாயிலே சைவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் வைத்தியலிங்கம். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். தாயார் தங்கமுத்து அம்மையார் பின்னர் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளை என்னும் கத்தோலிக்கரை மணந்தார். மைந்தனும் அச்சமயத்திற் சேர்ந்து ஞானப்பிரகாசம் ஆனார். தம்பிமுத்துப்பிள்ளை தமிழறிவு நிரம்பியவர். அச்சுவேலியில் அச்சுக்கூடம் நடத்தியவர். ஏட்டுச்சுவடி, அச்செழுத்து, மை என்பவற்றின் மணம் கமழ்ந்த வீட்டிலே பிள்ளை வளர்ந்தார். பிற்காலத்தில் அவருடைய நூல்கள் பல அந்த அச்சுக்கூடத்திலேயே அச்சேறின. எழுதுவோனுக்கு அச்சிடுவோன் வீட்டிலேயே இருப்பது எத்துணைக் காலத்தை மிச்சப்படுத்தும் என்பதை, கைப்பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அச்சகம் அச்சகமாக அலைந்த என்போன்றோர் அறிவர்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் ஆனார். யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை முழுமையாக எட்டியது 1905 இல்தான். ஆதலின் பிறந்த ஊரைவிட்டு வந்தே அவ்வேலையைப் பார்த்திருக்க வேண்டும். நிமிடக் கணக்கில் நடக்கும் இலாகா அது. ஒரு வண்டி பிந்தினால் அதன் பின்னே வரும் வண்டிகளெல்லாம் பிந்தும். அந்தப் பயிற்சி அவருக்கு வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நல்ல சம்பளமும் நிலையான உத்தியோகமும் கைவந்த வேளையில், 1895 இல் அதனை விட்டு, அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து குருத்துவப் படிப்பை மேற்கொண்டார். 1901 ஆம் ஆண்டு திசெம்பர் முதலாம் நாள் குருப்பட்டம் பெற்றார். இதே மண்ணில், 1848 இல், ஆறுமுக நாவலர் மெதடித்தப் பாடசாலை உத்தியோகத்தை உதறியதும் நினைவுக்கு வருகிறது. நோக்கம் வேறு, சமயம் வேறு. தம் நாளை இன்னொருவருக்கு விற்பதில்லை என்ற துணிவு ஒன்று.

ஆயினும் நாவலருக்கும் சுவாமிகளுக்கும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. நாவலர் வேலையை விட்டபின் தம் காலத்துக்குத் தாமே தலைவர் ஆனார். சுவாமிகளோ தரித்திரம், கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்தவர். கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடு கொடுத்தவனுக்குச் சொந்த நேரம் என்று ஒன்று இல்லை. மேற்றிராணியார் போ என்ற இடத்துக்குப் போகவேண்டும். சாகக் கிடப்பவன் வீட்டிலிருந்து நள்ளிரவில் ஆள் வந்தாலும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க எழுந்து நடக்கவேண்டும். அக்காலத்துக் குருவானவர் நள்ளிரவு தொடங்கி, விடியற்காலைப் பூசை முடியும்வரை நீரும் அருந்தாதிருத்தல் விதி. இலத்தீன் மொழியிலுள்ள கட்டளைச் செபத்தை நாள்தோறும் வேளை வேளையாகச் சொல்லி முடித்தல் கடன். தியானமும், அன்றாடம் தன் செயல்களைத் தானே விசாரித்துக்கொள்ளும் ஆத்தும சோதனையும் வேறு. இவற்றுக்குமேல் ஞானோபதேசம், பாவசங்கீர்த்தனம், பாடசாலை மேற்பார்வை, கோயில் கட்டும் கணக்கு, குடும்பப் பிணக்குகள். நல்லூரில் நெடுங்காலம் இருந்து, சுற்றுக் கிராமங்களிலே புதிய சபைகளையும் கோயில்களையும் உண்டாக்கிய இவருக்கு இவையெல்லாம் இருமடங்கு.

இந்த நாளிலிருந்துதான் அவர் நூல்கள் பிறந்தன. சைவசித்தாந்தத்தைப் பற்றிய ஆங்கில நூல் 1917 இல். போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண அரசர் பற்றிய நூல் 1920 இல். இலங்கைக் கத்தோலிக்க திருச்சபையின் தொடக்ககால வரலாறு 1924 இல். தமிழ் அமைப்புற்ற வரலாறு 1927 இல். யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928 இல். தமிழ்ச் சொற்பிறப்பாராய்ச்சி 1932 இல். சிறு பிரசுரங்களையும் கட்டுரைகளையும் நான் கணக்கிடவில்லை.

எழுபத்திரண்டு மொழிகள் அறிந்தவர் என்று அவரைப் புகழ்வது நம்மவர் வழக்கம். பாபேல் கோபுரத்தின்பின் உலகில் உண்டான மொழிகள் எழுபத்திரண்டு என்பது கிறித்தவ உலகின் பழைய ஐதிகம். ஆதலின் இவ்வெண் கணக்கன்று, மரியாதை என்றே நான் கொள்வேன். எண்ணிக்கை குறைந்தாலும் அவர் பெருமை குறையாது. இலத்தீனும் போர்த்துக்கேயமும் சிங்களமும் வடமொழியும் அறிந்து, தமிழோடு இனமான மொழிகளையும், இனமல்லாத ஐரோப்பிய மொழிகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார் என்பது அவருடைய நூல்களைத் திறந்தால் தெரியும்.

அஃது எங்ஙனம் இயன்றது? என் மாணவர் கேட்டதும் அதுவே. ஊக்கம் என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிட எனக்கு மனம் இல்லை. ஊக்கமுடையார் பலர் ஒன்றும் முடியாமல் இறந்திருக்கின்றனர். சுவாமிகளின் நூற்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். அவர் ஆராய்ச்சிக்கென்று தம் கடமையை விட்டு விலகி வேறு வழி போகவில்லை. கடமை கொண்டுசென்ற வழியிலேயே கண்ணைத் திறந்துகொண்டு நடந்தார். நல்லூரில் இருக்க நேர்ந்தது. அது ஆரியச்சக்கரவர்த்திகளின் பழைய இராசதானி. அரசர் வரலாறு எழுதினார். சைவரிடையே போதிக்க நேர்ந்தது; சித்தாந்தம் கற்றார். மிசன் பழைய கடிதங்கள் இலத்தீனிலும் போர்த்துக்கேயத்திலும் இருந்தன. அவற்றாலேயே திருச்சபை வரலாறு வகுத்தார். ஒழுங்கைகளிலும் திண்ணைகளிலும் உழவர், தொழிலாளர், முதியோர் வாயிலே வழங்கிய சொற்கள் செவியில் விழுந்தன. அவை சொற்பிறப்பாராய்ச்சிக்கு வித்தாயின. பங்கு விசாரணைக்கு நடந்த நடை, அவருக்குச் சொல் திரட்டும் நடையும் ஆயிற்று. ஒரே உழைப்பில் இரண்டு அறுவடை.

மற்றொன்று, பெருநூலைச் சிறு பகுதிகளாக வெளியிடும் முறை. முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தாரல்லர்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் நான் நேர்மையுடையவன் ஆகேன். கண்டன வாதங்களிலே சுவாமிகள் செலவிட்ட காலம் மிகுதி. பிள்ளையாரையும் சுப்பிரமணியரையும் பற்றிய அவருடைய ஆராய்ச்சிப் பிரசுரங்கள் சைவரைப் புண்படுத்தின. சைவரும் சும்மா இருந்தாரல்லர். மறுப்புக்கு மறுப்பு, அதற்கும் மறுப்பு. இரு திறத்தாரும் அவ்வாறு எரித்த விளக்கெண்ணெய் எவ்வளவு! இன்று அவற்றை இருபுறத்தாரும் படிப்பதில்லை. அந்த இரவுகள் அகராதிக்குக் கிடைத்திருந்தால் என்று நான் பெருமூச்சு விட்டதுண்டு. அவரைக் கேட்டால், அதுவும் தம் அழைத்தலின் பகுதியே என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அகராதி என்றேன். அதுவே அவர் வாழ்வின் மலையுச்சி. தமிழ்ச் சொற்கள் யாவும் இடங்குறிக்கும் சில சுட்டொலிகளிலிருந்து கிளைத்தன என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை ஒவ்வொரு சொல்லிலும் நிறுவிக் காட்டும் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் வேலை 1913 இல் தொடங்கிற்று. பதிப்பாசிரியர், துணைப் பதிப்பாசிரியர், பண்டிதர், எழுத்தாளர் என்று ஒரு சபையே உழைத்தது. அரசின் பொருளும் இருந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. நல்லூரிலோ ஒரு பங்குக்குருவானவர், பூசைக்கும் கட்டளைச் செபத்துக்கும் இடையில், முதுமையோடும் போர்க்காலத்துக் காகிதப் பஞ்சத்தோடும் போராடிக்கொண்டு இருந்தார். 1946 வரையில் ஆறு பகுதிகள் வந்தன. 1947 சனவரி 22 ஆம் நாள் அவர் காலமானார். அகராதி முடியவில்லை.

இளமையில் இதனை எண்ணி நான் சினங் கொண்டதுண்டு. ஞானோபதேசம் சொல்லப் பலர் இருந்தனர். இவ்வகராதியைச் செய்ய ஒருவரே இருந்தார். மேலிடத்தார் அவருக்குப் பத்தாண்டு ஓய்வு கொடுத்திருக்கலாகாதா என்று வாதிட்டேன். இப்பொழுது அவ்வளவு உறுதி இல்லை. பங்கை அவரிடமிருந்து எடுத்திருந்தால், பங்கின் வழியாக வந்த சொற்களும் போயிருக்கும். கிறித்தவ சமயத்தவரின் எண்ணப்படி ஒருவனது நாள் அவன் ஈட்டிய பொருளன்று, ஒப்படைக்கப்பட்ட பொருள், தாலந்துகளைப் பற்றிய உவமைக் கதையில் வரும் ஊழியர்களைப் போலக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அக்கதையில் எசமான் வேலை முடிந்ததா என்று கேட்கவில்லை. கொடுத்ததைப் புதைத்தாயா, புழக்கத்தில் விட்டாயா என்றே கேட்கிறான். சுவாமிகள் புதைக்கவில்லை. இவ்வாறு என்னைத் தேற்றிக்கொண்டாலும், ஆறாம் பகுதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் தமிழாசிரியனின் நெஞ்சு வருந்தவே செய்கிறது.

அவர் விட்ட இழையை வேறு கைகள் பற்றின. தமிழ்நாட்டிலே தேவநேயப் பாவாணர் சுட்டுக்களின் வழியே சொல்மூலம் தேடினார். அரசு 1974 இல் அவரிடம் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை ஒப்படைத்தது. முதல் மடலைக் காணாமலே 1981 சனவரியில் அவர் மறைந்தார். பின்வந்தோர் 2011 இல் அதனை முடித்தனர். யாழ்ப்பாணத்தில், சுவாமிகளின் ஆராய்ச்சி நெறியைத் தொடர்ந்தவர் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள். 1981 ஆம் ஆண்டு சூன் முதல் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டு எரிந்ததைப் புனித பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து கண்ட அவர், அதிர்ச்சி தாங்காது உயிர் துறந்தார். அதே 1981 இலேதான் ஞானப்பிரகாச சுவாமிகளின் உருவம் பொறித்த தபால் முத்திரையை இலங்கை அரசு வெளியிட்டது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர், நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின் தமக்கு ஒரு நாளில் எஞ்சுவது எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணினார். இரவு உணவுக்குப் பின் அரைமணி, ஞாயிறு பிற்பகல், நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போகும் நாட்கள். ஊரில் தம் பாட்டனார் மீன்பிடி வலைகளின் உறுப்புகளுக்குச் சொல்லும் பெயர்கள் எந்த அகராதியிலும் இல்லை என்றும், அவற்றை எழுதிவைக்கலாமோ என்றும் கேட்டார். குன்றின்மேல் மணி அடித்தது. சுவாமிகளின் சொற்பிறப்பாராய்ச்சி நூலை இரவலாக வாங்கிக்கொண்டு, மழைத் தூறலில் மேட்டுப் பாதையில் விரைந்து ஏறினார். அடுத்த ஞாயிறு நன்னூலை விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.