பாட்ரிக் கெடிஸ்

சர் பாட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர், சமூகவியலாளர், நகரத் திட்டமிடலாளர் ஆவார். ஆலைகள் எங்கே அமைய வேண்டும், தொழிலாளர்கள் எங்கே குடியிருக்க வேண்டும், இரண்டையும் கோடு கிழித்துப் பிரித்துவிட்டால் போதுமா என்ற கேள்விகள் இந்திய நகரங்களில் எழத் தொடங்கிய காலத்தில் இவர் இங்கு வந்தார். 1914 முதல் 1924 வரையிலான பத்தாண்டுகளின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்து, ஏறத்தாழ ஐம்பது நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். அவற்றுள் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் ஆகியனவும் அடங்கும்.

இளமையும் கல்வியும்

கெடிஸ் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் ஊரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்து, பெர்த் நகரில் வளர்ந்தார். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் இவர் பெறவில்லை. எனினும் 1888 முதல் 1919 வரை டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார்.

1879-இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது இவருடைய கண்பார்வை பாதிக்கப்பட்டது. சில காலம் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. சன்னல் கண்ணாடிகளின் சட்டங்களைக் கையால் தடவியபடி, கருத்துகளைக் கட்டங்களாக அமைத்துச் சிந்திக்கும் பழக்கம் அப்போது ஏற்பட்டது. பார்வை திரும்பிய பின்னரும் காகிதத்தை மடித்துக் கட்டங்களாக்கிச் சிந்திப்பதை இவர் விடவில்லை. நுண்ணோக்கி ஆய்விலிருந்து விலகி நகரங்களை உயிரினங்களைப் போல ஆராயத் தலைப்பட்டதற்கு இந்நிகழ்வும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

எடின்பரோ

1886-இல் அன்னா மார்ட்டனை மணந்தார். இருவரும் வசதியான பகுதியை விட்டு, எடின்பரோவின் பழைய நகரில் நெரிசல் மிகுந்த ஒரு குடியிருப்பில் குடியேறினர். அண்டை வீட்டாருடன் சேர்ந்து சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர், முற்றங்களைத் துப்புரவு செய்தனர், பாழ்பட்ட சில கட்டிடங்களை மட்டும் அகற்றி அவ்விடங்களில் தோட்டம் அமைத்தனர். முழுத் தெருவையும் இடித்துத் தள்ளாமல், நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கும் இந்த முறையைப் பிற்காலத்தில் இவர் காக்கும் அறுவை மருத்துவம் என்ற பொருளில் குறிப்பிட்டார்.

1892-இல் இவர் பொறுப்பேற்ற காட்சிக் கோபுரம் ஒரு நகர அருங்காட்சியகமாக வளர்ந்தது. உச்சியிலிருந்து நகரைக் கண்டு, பின் ஒவ்வொரு தளமாக இறங்கி நாடு, கண்டம், உலகம் என அறியும்படி அது அமைந்திருந்தது.

இடம், தொழில், மக்கள்

பிரெஞ்சு அறிஞர் லெ பிளேயின் கருத்துகளிலிருந்து இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் ஒன்றோடொன்று பிணைந்தவையாகக் கெடிஸ் எடுத்துக்கொண்டார். இதை விளக்க இவர் வரைந்ததே பள்ளத்தாக்கு வெட்டுமுகம் எனும் படம். மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றைத் தொடர்ந்து சென்றால் சுரங்கத் தொழிலாளி, மரம்வெட்டி, வேடன், ஆயன், உழவன், மீனவன் என நிலத்துக்கேற்பத் தொழிலும், தொழிலுக்கேற்பக் குடியிருப்பும் மாறுவதை அதில் காணலாம்.

கெடிஸ் வரைந்தது ஸ்காட்லாந்தின் நிலம். ஆயினும் குற்றால மலையில் தோன்றித் தென்காசி வழியே பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் பக்கம் கடலைச் சேரும் சிற்றாற்று நீரின் பாதையைக் கொண்டு தமிழ் மாணவர் இப்படத்தை எளிதில் புரிந்துகொள்ளலாம். அருவியும் காடும், அடுத்து நெல்வயல், பின்னர் கடைத்தெருவும் தொழிற்கூடங்களும் கொண்ட ஊர்கள், முடிவில் மீனவர் குடியிருப்பு. சங்கத் தமிழின் திணைப் பாகுபாடும் நினைவுக்கு வரும். இரண்டிற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

சென்னை மாகாணத்தில்

சென்னை ஆளுநர் பென்ட்லாண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-இல் கெடிஸ் தம் மகன் அலாஸ்டருடன் இந்தியா புறப்பட்டார். பல ஆண்டுகள் சேர்த்த நகரத் திட்டக் கண்காட்சிப் பொருட்கள் தனியே கிளான் கிராண்ட் என்ற கப்பலில் அனுப்பப்பட்டன. சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கிய அதே எம்டன் கப்பல், அடுத்த மாதமே கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. வரைபடங்கள் அனைத்தும் கடலுக்குள் போயின. நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய புதிய தொகுப்பைக் கொண்டு 1915-இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது.

பின்னர் மாகாணத்தின் நகரங்களைக் கால்நடையாகவே சுற்றிப் பார்த்தார். அக்காலத்தில் நகராட்சிப் பொறியாளர்களின் வழக்கமான தீர்வு, நெரிசலான தெருக்களின் ஊடே நேர்கோட்டில் அகன்ற சாலை வெட்டுவதாகும். இடிக்கப்படும் வீடுகளின் மக்கள் எங்கே போவார்கள் என்று கெடிஸ் கேட்டார். அவர்கள் பக்கத்துத் தெருவிலேயே நெருக்கியடித்துக் குடியேறுவதால் நெரிசல் இடம் மாறுமே தவிரக் குறையாது என்பது இவரது வாதம். தஞ்சாவூருக்கு, இடிப்புத் திட்டத்தின் செலவில் ஒரு சிறு பகுதியிலேயே முடியக்கூடிய மாற்றுத் திட்டத்தைத் தந்தார். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்ற யோசனையையும் எதிர்த்தார். கொசுப் புழுக்களைத் தின்னும் மீன்களையும் வாத்துகளையும் குளத்தில் விட்டால் போதும் என்றார்.

பம்பாயின் 1915-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து 1920-இல் சென்னை நகரத் திட்டச் சட்டம் நிறைவேறியது. இதற்கான சூழலை உருவாக்கியதில் கெடிசின் அறிக்கைகளுக்கும், இவருடைய சக பணியாளரான லான்செஸ்டரின் பணிக்கும் பங்குண்டு.

இந்தூரும் ஆலைகளும்

ஓல்கர் அரசின் தலைநகரான இந்தூர் பருத்தி ஆலைகளால் வேகமாக வளர்ந்து வந்தது. அந்நகருக்காக 1918-இல் கெடிஸ் வெளியிட்ட இரு தொகுதி அறிக்கையே இவரது இந்தியப் பணிகளில் மிகப் பெரியது. ஆலைகளுக்கும் அவற்றின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் இடம் ஒதுக்குவது அதில் முக்கியமான பகுதி. பம்பாயின் அடுக்குமாடிச் சால்களை இவர் கடுமையாகக் குறைகூறினார். முற்றமும் மரமும் கொண்ட சிறு வீடுகளே தொழிலாளருக்குத் தேவை என்று வற்புறுத்தினார். கழிவுநீரை ஆற்றில் கலக்காமல் தோட்டங்களுக்குப் பயன்படுத்தவும் பரிந்துரைத்தார்.

இந்தூரில் கொள்ளைநோய் பரவியிருந்த ஆண்டில் தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்கள் நன்றாகத் துப்புரவு செய்யப்படுகின்றனவோ அவற்றின் வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் போட்டி போட்டு வீடுகளையும் தெருக்களையும் சுத்தம் செய்தனர்.

இதே காலத்தில் அமெரிக்கா வேறு வழியில் சென்றது. நியூயார்க் 1916-இல் மண்டலச் சட்டம் இயற்றியது. ஒகையோவின் யூக்ளிட் ஊர் வழக்கில், நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பிரித்து ஒதுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு என 1926-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழான முழுமைத் திட்டங்களும் இந்த மண்டல முறையையே பின்பற்றுகின்றன. ஆலைப்புகையிலிருந்து வீடுகளைக் காக்க இது தேவையே. ஆனால் வீட்டுக்குள்ளேயே தறி வைத்திருக்கும் காஞ்சிபுரத்து நெசவாளரின் தெரு எந்த மண்டலத்தில் சேரும் என்பதற்கு வண்ணம் தீட்டிய வரைபடத்தில் எளிதான விடையில்லை. கள ஆய்வு முதலில், திட்டம் பின்னரே என்ற கெடிசின் விதி இங்கேதான் பொருள் பெறுகிறது.

குறைகளும் இழப்புகளும்

கெடிசின் அறிக்கைகளில் பெரும்பாலானவை செயல்வடிவம் பெறவில்லை. சில நாட்களே தங்கிய ஊர்களைப் பற்றியும் விரைந்து எழுதினார். நடை சுற்றி வளைத்துச் செல்வது. அலுவலர்கள் படித்து முடித்தார்களா என்பதே ஐயம். ஆங்கிலேய அரசையும் சமஸ்தான மன்னர்களையுமே நம்பியிருந்ததால், நில உரிமையாளர்களை எதிர்கொள்ளும் வலிமை இவரது திட்டங்களுக்கு இல்லை.

1917 ஏப்ரலில் அலாஸ்டர் பிரான்சுப் போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது அன்னா இந்தியாவில் நோயுற்றிருந்ததால் கெடிஸ் அச்செய்தியை அவருக்குச் சொல்லவில்லை. மகன் இறந்தது தெரியாமலேயே அன்னா சூன் மாதம் கல்கத்தாவில் காலமானார்.

இறுதிக்காலம்

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார். சகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920-இல் வெளியிட்டார். 1921-இல் கொழும்புக்கும், 1925-இல் டெல் அவீவுக்கும் திட்டங்கள் தயாரித்தார். 1924-இல் உடல்நலக் குறைவால் இந்தியாவை விட்டு நீங்கி, பிரான்சின் மான்ட்பெல்லியேயில் ஸ்காட்லாந்துக் கல்லூரியை நிறுவினார். முன்பு மறுத்த சர் பட்டத்தை 1932-இல் ஏற்றுக்கொண்டு, அதே ஆண்டு அங்கேயே காலமானார். அலுவலகக் கோப்புகளில் சிதறிக் கிடந்த இந்திய அறிக்கைகளின் பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் தொகுத்து 1947-இல் நூலாக வெளியிட்டார்.