சேலம் சேர்மன் ராஜாஜி

ராஜாஜின்னு சொன்னா நமக்கு கறுப்புக் கண்ணாடியும் கவர்னர் ஜெனரல் பதவியும்தான் ஞாபகம் வரும். அவர் நம்ம சேலம் நகராட்சியோட சேர்மனா இருந்தவர்னு நிறைய பேருக்குத் தெரியாது.

1878-ல் ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தார். அப்போ அது சேலம் ஜில்லா. 1900-ல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். 1917-ல் சேர்மன் ஆனார்.

அப்போ குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட ஏரியாவுக்கு ஓர் ஆள் இருப்பார். அந்த வேலைக்கு ஒரு தலித் பணியாளரை அக்ரஹாரத்துக்குப் போட்டார்கள். அவர் கை பட்ட குழாயில் வரும் தண்ணீர் வேண்டாம் என்று எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் ராஜாஜியின் சொந்த ஜாதிக்காரர்கள். ஆனாலும் அவர் உத்தரவை மாற்றவில்லை.

1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு, மூணும் அங்கே நடந்தது. 1937-ல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான்.

ஆனா கதை இதோட முடியல. 1953-ல் முதலமைச்சரா இருந்தப்போ கிராமப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். மூணு மணி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் அப்பா செய்யும் தொழிலைக் கற்பது. குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். மலம் அள்ளுபவரின் பையன் மீதி நேரத்தில் எதைக் கற்பான்? 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அக்ரஹாரத்துக்கு அந்தப் பணியாளரை அனுப்பியவரும் இதே ராஜாஜிதான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்கணும்.

1972-ல் மறைந்தார்.

ஊருக்குள் வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துத்தான் நாம டிசைன் போடுறோம். சேலத்தில் அந்தக் கழிவுநீர் ரொம்ப வருஷமா திருமணிமுத்தாற்றில் கலந்து நாமக்கல் பக்கம் ஓடுது. தண்ணீர் கொண்டுவர காட்டின அக்கறையை, அது திரும்பிப் போகும் வழியில் நாம காட்டல. மனிதரைக் கழிவு அள்ள வைக்கக்கூடாதுன்னு 1993-லும் 2013-லும் சட்டம் வந்தது. அதுக்கப்புறமும் சாக்கடைக் குழியில் இறங்கி ஆட்கள் சாகிறார்கள். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் தலித்கள். அன்னிக்கு குழாயைத் திறக்கப் போனவரைத் தடுத்தார்கள். இன்னிக்கு சாக்கடையில் இறங்குபவரை யாரும் தடுப்பதில்லை. நாளைக்கு எஸ்.டி.பி. டிசைன் பண்ணப்போற நாம, குழியில் யார் இறங்குவாங்கன்னும் கேட்கணும்.