ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் சர்க்கார் வரியும்

டாட்டாநகர் நிலையத்தில் நாள்தோறும் வண்டியேறி இறங்கும் நம்முள், அந்நிலையத்துக்குப் பெயர் ஈந்த பெருமகனாரைப் பெருஞ்செல்வர் என்று அறிந்தோர் பலர். சர்க்கார் விதிகளோடும் வரிகளோடும் அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. மலருக்குக் கட்டுரை வேண்டிய சங்கத்து அன்பர்கட்கு அவ்வரலாற்றையே அளிக்க விழைகிறோம். வரி என்பது பெரிய முதலாளிகளின் கவலை, சிறு வியாபாரிக்கு அதில் என்ன என்று நம் காலனியிலும் சிலர் கருதுவதுண்டு.

ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குஜராத்தைச் சார்ந்த நவசாரியில், பார்சிப் புரோகிதர் குடியிற் பிறந்தார். தந்தையார் குலத்தொழிலை விடுத்துப் பம்பாயில் வியாபாரத்தில் இறங்கியவர். எல்பின்ஸ்டன் கல்லூரியிற் கற்ற மைந்தரும் அவ்வழியே சென்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் ஏறியிருந்த பருத்தி விலை 1865இல் சரிந்தபோது குடும்பம் கடனில் ஆழ்ந்தது. அதனின்று மீண்டு 1868இல் 21,000 ரூபாய் மூலதனத்தோடு தனி வியாபாரம் தொடங்கினார். 1877 ஜனவரி 1ஆம் நாள் நாகபுரியில் அவருடைய எம்பிரஸ் ஆலை திறக்கப்பெற்றது. பிறர் பம்பாயிலேயே ஆலைகளைக் குவித்திருக்க, இவர் பருத்தி விளையும் பூமியை, இரயிலும் நிலக்கரியும் அருகே கிட்டும் இடத்தை நாடினார். சரக்குக் கட்டணப் பட்டியலோடு காலங்கழிக்கும் நமக்கு அத்தேர்வின் நுட்பம் எளிதில் விளங்கும்.

அக்கட்டணமே பின்னர் அவருக்குப் பகையாயிற்று. பம்பாய் நூல் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் பி. அண்ட் ஓ. முதலிய கம்பெனிகளின் கப்பல்களில் சென்றது. டன்னுக்கு 15 ரூபாய்க்கு மேற்பட்ட அக்கூலியைக் குறைக்கும் பொருட்டு, 1893இல் ஜாம்ஷெட்ஜி ஜப்பான் சென்று நிப்பன் யூசென் கைஷா என்னும் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டு கப்பல் விட்டார். எதிரிகள் உடனே கூலியை 2 ரூபாய்க்கும் கீழே இறக்கினர். தபால் சுமப்பதற்கெனச் சர்க்கார் பணம் பெற்றுவந்த பெருங் கம்பெனிக்கு நஷ்டம் தாங்கும் வலிமை இருந்தது. இவருக்கோ அவ்வுதவி இல்லை. முறையிட்டும் சர்க்கார் செவிசாய்க்கவில்லை. உடனிருந்த வியாபாரிகளும் மலிவை நாடி விலகினர். கப்பல் தொழிலை அவர் கைவிட்டார். அவ்வியாபாரிகளை நாம் பெரிதும் பழிக்க மாட்டோம். நாலு மூட்டை அனுப்புகிறவன் இன்றைய கூலியைத்தான் பார்ப்பான்.

அடுத்து வந்தது துணி வரி. சர்க்கார் வருவாய் குன்றியதால், 1882இல் நீக்கப்பட்ட இறக்குமதித் தீர்வையை 1894இல் அயல்நாட்டுத் துணிமீது 100க்கு 5 வீதம் மீண்டும் விதித்தனர். லங்காஷயர் ஆலைக்காரர் கொதித்தெழவே, அவர்களைச் சமாதானப்படுத்த, இந்திய ஆலைகளில் நூற்கும் 20ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் அதே அளவு வரி விழுந்தது. 1896இல் நூல்வரியை நீக்கி, இறக்குமதித் துணி, இந்திய ஆலைத்துணி இரண்டின்மீதும் 100க்கு மூன்றரை என்றாக்கினர்.

இதன் விளைவைச் சற்றே நின்று நோக்குவோம். ஓர் ஆலை 100 ரூபாய்த் துணி நெய்து 7 ரூபாய் லாபம் காண்பதாகக் கொள்வோம். மூன்றரை ரூபாய் வரிக்குப் போனால் பாதி லாபம் தீர்ந்தது. லாபமே இல்லாத ஆண்டிலும் வரி நிற்காது. அது லாபத்தின்மீதன்றி நெய்த துணியின்மீது விதிக்கப்பட்டது. பல ஆலைகளும் கையிருப்பும் உடையவர் அதனைத் தாங்குவர். கடன் வாங்கி ஒற்றை ஆலை ஓட்டுபவர் எங்ஙனம் தாங்குவார்? கைத்தறியாளர் நிலை வேறு. அவர் துணிக்கு வரி இல்லை. ஆயினும் 1894இன் ஏற்பாட்டில், அவர் வாங்கும் மெல்லிய நூலின் விலையிலேயே வரி ஏறியிருந்தது. 1896இல் அச்சுமை நீங்கியது. ஆலையை வருத்திய அதே மாறுதல் தறிக்காரருக்கு மூச்சுவிட இடந்தந்தது. ஜாம்ஷெட்ஜி தம்மால் இயன்றவரை இவ்வரியை எதிர்த்தார், பயன் விளையவில்லை.

எனினும் சர்க்கார் கதவைத் திறந்ததும் உண்டு. 1882இல் சாந்தா மாவட்டத்து இரும்புக் கனியைப் பற்றிய ஜெர்மானிய நிபுணர் ஒருவரின் அறிக்கையைக் கண்டது முதல் உருக்காலை எண்ணம் அவர் நெஞ்சில் ஊன்றியது. அக்காலச் சுரங்க விதிகள் தனியார் எவரும் துணிய இயலாதவாறு இறுகிக் கிடந்தன. 17 ஆண்டுகள் கழிந்தன. 1899இல் கர்சன் பிரபு விதிகளைத் தளர்த்தினார். மறு ஆண்டே, அறுபதைக் கடந்த ஜாம்ஷெட்ஜி லண்டன் சென்று இந்தியா மந்திரியைக் கண்டு ஆதரவு தேடினார். ஆலை எழுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் உயிர் நீத்தார்.

புதல்வர் தோராப்ஜி 1907இல் கம்பெனியை நிறுவினார். மூன்று வாரத்துக்குள் பங்குகளை வாங்கிய சுமார் 8,000 இந்தியருள் சிறு சேமிப்புக்காரரும் பலர். ஆண்டுக்கு 20,000 டன் தண்டவாளத்தை, இறக்குமதி விலைக்கே, 10 ஆண்டு வாங்குவதாகச் சர்க்கார் ஒப்பியிருந்தது. இரயில்வேக்காரராகிய நாம் இதைச் சற்றே பெருமையோடு எழுதுகிறோம். 1912இல் உருக்கு வெளிவந்தது. 1919இல் சாக்சி ஜாம்ஷெட்பூராகியது, காளிமாட்டி நிலையமும் டாட்டாநகராகியது. அயல்நாட்டு மலிவுச் சரக்கால் ஆலை தள்ளாடியபோது 1924இல் காப்பு வரிச் சட்டம் அதனைக் கைதூக்கிவிட்டது. ஆலைத்துணி வரி 1925 டிசம்பரில்தான் நிறுத்தப்பட்டது. ஜாம்ஷெட்ஜி மறைந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.