ஓவியச் செல்வி அமிர்தா சேர்கில்

தோற்றுவாய்

கல்வியை நாடி அயல்நாடு செல்வோர் பலர். அவருள் சிலர் சென்ற நாட்டின் சிறப்பில் மயங்கித் தம் நாட்டை மறந்துவிடுவர். வேறு சிலர் அயல்நாட்டில் எதனையும் ஏலாது, போனவாறே திரும்புவர். பிறநாட்டுக் கலையைப் பழுதறக் கற்று, அக்கல்வியையே கைவிளக்காகக் கொண்டு தம் நாட்டின் அழகைக் கண்டு தெளிவோர் மிகச் சிலரே. அத்தகைய அருஞ்சிலருள் ஒருவர் அமிர்தா சேர்கில் அம்மையார். இருபத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த அவர், இக்கால இந்திய ஓவியக் கலைக்குப் புதுநெறி கண்டவருள் தலையாயவர்.

பிறப்பும் இளமையும்

அமிர்தா 1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் சேர்கில், பஞ்சாபு நாட்டுச் சீக்கியப் பெருங்குடியில் தோன்றியவர். வடமொழியிலும் பாரசீகத்திலும் வல்லவர். நிழற்படக் கலையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தாயார் மேரி அந்துவானெத், ஹங்கேரி நாட்டு மங்கை, இசையில் தேர்ந்தவர். கிழக்கும் மேற்கும் கைகோத்த அவ்வில்லத்தில் கல்வியும் கலையும் ஒருங்கே வளர்ந்தன. அமிர்தாவுக்கு அடுத்த ஆண்டில் அவர் தங்கை இந்திரா பிறந்தார்.

முதல் உலகப்போர் காரணமாக அக்குடும்பம் எட்டாண்டுகள் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921ஆம் ஆண்டில் அவர்கள் இந்தியா வந்து சிம்லா மலைநகரில் குடியேறினர். அமிர்தா மழலைப் பருவத்திலேயே படம் வரையத் தொடங்கியவர். பிற சிறுமியர் விளையாட்டில் பொழுது போக்கும் நேரத்தில், அவர் தாமே கற்பனை செய்த கதைகளுக்குப் படம் எழுதிக்கொண்டிருப்பார். 1924ஆம் ஆண்டில் தாயார் அவரை இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகருக்கு அழைத்துச் சென்று ஒரு பள்ளியில் சேர்த்தார். ஆங்கிருந்த கடுங்கட்டுப்பாடு அமிர்தாவின் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. சில திங்களில் அவர் சிம்லாவுக்கே திரும்பினார்.

அமிர்தாவின் தாய்மாமன் எர்வின் பக்தாய் என்பவர். அவர் ஓவியப் பயிற்சியும் இந்தியக் கலைகளில் ஆழ்ந்த புலமையும் உடையவர். இந்தியா வந்திருந்தபோது மருகியின் படங்களைக் கூர்ந்து நோக்கினார். கற்பனையை மட்டும் நம்பி வரைதல் போதாது. உயிருள்ள மனிதரை எதிரில் இருத்தி, கண்டதைக் கண்டவாறே வரைந்து பழகவேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். முறையாக ஓவியம் பயிலுதற்குப் பாரிஸ் மாநகரே தக்க இடம் என்றும் பெற்றோர்க்கு எடுத்துரைத்தார். மகளின் திறமையை உணர்ந்த பெற்றோர் அவ்வுரையை ஏற்று, குடும்பத்தோடு புறப்பட்டனர்.

பாரிஸ் மாநகரில் பயிற்சி

1929ஆம் ஆண்டில் அமிர்தா பாரிஸ் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. அந்நாளில் பாரிஸ் உலக ஓவியர்க்கெல்லாம் தாய்வீடு போல விளங்கியது. சேன் ஆற்றின் ஒரு கரையில் லூவர் என்னும் பெருங்கலைக்கூடம். மறுகரையில் புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரி. மோன்பர்நாஸ் என்னும் பகுதியிலோ பல நாடுகளிலிருந்தும் வந்த ஓவியரும் சிற்பியரும் எழுத்தாளரும் குழுமியிருந்தனர். பழைய மரபைப் போற்றுவோரும், அதனை உடைத்துப் புதுமை படைப்போரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்தனர் எனலாம்.

அமிர்தா முதலில் கிராண்ட் ஷோமியேர் என்னும் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். பின்னர் 1930ஆம் ஆண்டு முதல் நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். அவ்வாசிரியர் கற்பித்த முறை வியக்கத்தக்கது. இவ்வாறு வரைக, இந்த வண்ணம் தீட்டுக என்று அவர் விதி வகுத்துரைப்பதில்லை. மாணவர் தம் இடர்ப்பாட்டைத் தாமே எண்ணித் தாமே தீர்த்துக்கொள்ளுமாறு விட்டு, அவரவர் இயல்புக்கு ஏற்ற வழியில் ஊக்குவிப்பார். இந்த உரிமை அமிர்தாவுக்குப் பெருந்துணையாயிற்று.

உரிமை கிடைத்தமையால் உழைப்புக் குறைந்துவிடவில்லை. கரித்துண்டு கொண்டு மனித உடலின் அமைப்பை மீண்டும் மீண்டும் வரைந்து கை பழக்கினார். பின்னர்க் கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டும் நுட்பத்தைக் கற்றார். தம் உருவத்தையே கண்ணாடியில் நோக்கிப் பன்முறை தீட்டினார்; தங்கையையும் தோழியரையும் எதிரில் அமர்த்தி வரைந்தார். ஓவியக்கூடங்களில் அமர்ந்து பிழைப்பு நடத்திய ஓர் ஏழைப் பெண்ணின் மெலிந்த மேனியையும் வாடிய முகத்தையும் சற்றும் மறைக்காது தீட்டினார். பிறர் துன்பத்தைக் கண்டு உருகும் உள்ளம் அவ்விளமையிலேயே அவர்பால் அமைந்திருந்தது. பிரெஞ்சு மொழியையும் விரைவில் கற்றுத் தேர்ந்தார். கல்லூரியில் ஆண்டுதோறும் நிகழ்ந்த போட்டிகளில் மூன்றாண்டுகள் தொடர்ந்து பரிசு பெற்றார்.

1932ஆம் ஆண்டில் அவர் ‘இளம் பெண்கள்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அதில் இரு மங்கையர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் தங்கை இந்திரா. மற்றவர் பாரிஸ் நகரத்துத் தோழி. ஒருவர் நிமிர்ந்த நோக்கினர். மற்றவரோ அவிழ்ந்து வீழ்ந்த கூந்தலில் முகம் மறைய இருப்பவர். ஒரே அறையில் இருவேறு உள்ளங்கள் இருப்பதைத் தூரிகையால் உணர்த்தும் அப்படத்திற்கு 1933ஆம் ஆண்டில் பாரிஸ் கிராண்ட் சலோன் என்னும் பெருங்கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வமைப்பின் இணை உறுப்பினராகவும் அமிர்தா தேர்ந்தெடுக்கப்பெற்றார். இருபதே வயதான ஒரு பெண்ணுக்கு இது கிடைத்தற்கரிய சிறப்பாகும்.

தாயகத்தின் அழைப்பு

புகழ் வாயிலில் வந்து நின்றது. பாரிஸ் நகரிலேயே தங்கியிருந்தால் பொருளும் பெயரும் எளிதில் பெருகியிருக்கும். ஆயினும் அமிர்தாவின் உள்ளத்தில் இனம் விளங்காத ஏக்கம் ஒன்று எழுந்தது. இந்தியாவுக்குத் திரும்பவேண்டும், தம் கலைவாழ்வு அங்கேதான் மலரும் என்ற எண்ணம் நாள்தோறும் வளர்ந்தது. பேராசிரியர் சிமோனும் அதனை முன்பே உய்த்துணர்ந்திருந்தார். அமிர்தாவின் வண்ணங்களில் காணும் செழுமை மேலைநாட்டின் மங்கிய ஓவியக்கூடங்களுக்கு உரியதன்று. கீழைநாட்டின் ஒளியிலேதான் அது நிறைவு பெறும் என்று அவர் பலகாலும் கூறிவந்தார்.

இவ்வேக்கம் எவ்வாறு பிறந்தது? பாரிஸ் நகரமே அதற்கு வித்திட்டது. செசான், கோகான் முதலிய புதுநெறி ஓவியரின் படங்களை அமிர்தா அங்கே கண்டார். கண்ட பொருளை அப்படியே படியெடுப்பது கலையன்று. வடிவத்தைச் சுருக்கி, வண்ணத்தைத் திரட்டி, பொருளின் உயிரை வெளிப்படுத்துவதே கலை என்பதை அவற்றால் உணர்ந்தார். அவ்வுணர்வோடு நோக்கியபோது, இந்தியாவின் பழஞ்சிற்பங்களும் அஜந்தாச் சுவரோவியங்களும் பல நூற்றாண்டுகட்கு முன்பே அந்நெறியில் நின்றமை அவருக்குப் புலனாயிற்று. பாரிஸ் நகரத்துக் கிமே கலைக்கூடத்தில் கீழைநாட்டுச் சிற்பங்கள் வைக்கப்பெற்றிருந்தன. அங்குள்ள சிறு சிற்பம் ஒன்றே ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் படைப்புகள் அனைத்தினும் மேம்பட்டது என்னும் அளவுக்கு அவர் உள்ளம் ஈடுபட்டது.

மகள் இந்திய வாழ்வுக்கு ஒத்துவருவாரோ என்று தந்தையார் ஐயுற்றார். அவர் திரும்புவதற்கு உடன்படத் தயங்கினார். 1934ஆம் ஆண்டில் அமிர்தா தந்தையார்க்கு எழுதிய மடலில் தம் கருத்தைப் பணிவோடும் உறுதியோடும் தெரிவித்தார். ஐரோப்பாவுக்கு வந்திராவிடில் இந்தியக் கலையின் பெருமையைத் தாம் அறிந்திருக்கவே இயலாது என்றும், அதனை அறிந்தபின் அங்கே தங்கியிருத்தல் தமக்கு ஒல்லாது என்றும் விளக்கினார். அவ்வாண்டின் இறுதியில் குடும்பம் தாயகம் திரும்பியது.

புதுநெறி கண்டமை

இந்தியா வந்தபின் அமிர்தா மேனாட்டு உடையை நீத்துச் சேலையையே உடுத்தலானார். அவர் தீட்டிய பொருளும் மாறியது. சிம்லா மலைச்சரிவில் வாழ்ந்த ஏழை எளியவர் அவர் கருத்தைக் கவர்ந்தனர். அவர்தம் மெலிந்த உடலும் துயர் தேங்கிய கண்களும் சொல்லாமற் சொன்ன கதையை ‘மலைநாட்டு ஆடவர்’, ‘மலைநாட்டு மகளிர்’ என்னும் ஓவியங்களில் தீட்டினார். 1935ஆம் ஆண்டில் எழுந்த ‘மூன்று பெண்கள்’ என்னும் ஓவியத்தில், பல வண்ண ஆடை உடுத்த மூவர் விழி தாழ்த்தி அமர்ந்திருக்கின்றனர். வருவது யாதோ என்று காத்திருக்கும் அமைதி அம்முகங்களில் நிலவுகிறது. 1937ஆம் ஆண்டில் பம்பாய்க் கலைக்கழகம் அதற்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

புதுநெறியை எல்லாரும் உடனே ஏற்றுவிடவில்லை. 1935ஆம் ஆண்டில் சிம்லாவில் நிகழ்ந்த கண்காட்சிக்கு அமிர்தா அனுப்பிய படங்களுள் சிலவற்றை நடுவர்கள் ஏலாது திருப்பினர். ஒன்றற்கு மட்டும் பரிசளித்தனர். தள்ளப்பட்டவை பரிசு பெற்றதினும் சிறந்தவை எனக் கருதிய அமிர்தா, அப்பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார். பொருள்முட்டுப்பாடு இருந்த போதிலும், தம் உள்ளம் ஒப்பாத பாராட்டை அவர் ஏற்றிலர்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டார். அயல்நாட்டில் இருந்தவாறே எண்ணி ஏங்கிய அஜந்தாவை நேரிற் கண்டு பெருவியப்புற்றார், எல்லோராவையும் கண்டார். பின்னர்த் திருவனந்தபுரம் வழியே கன்னியாகுமரியை அடைந்தார். கதிரொளியில் திளைக்கும் அக்கடற்கரையில் பழம் விற்கும் எளிய மக்கள் அவர் ஓவியத்தில் இடம் பெற்றனர். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் நாள்முழுதும் அமர்ந்து, மாணவி போலப் படியெடுத்துப் பயின்றார். பாரிஸ் நகரில் பதக்கம் பெற்றவர், பெயரறியாத பழங்காலக் கலைஞரிடம் மீண்டும் பாடம் கேட்ட அடக்கம் போற்றற்குரியது.

அப்பயணத்தின் பயனாக 1937ஆம் ஆண்டில் ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார்’ என்னும் மூன்று ஓவியங்கள் பிறந்தன. பாரிஸ் கற்பித்த கட்டமைப்பும் அஜந்தா காட்டிய அமைதியும் அவற்றில் பாலும் நீரும் போலக் கலந்து நிற்கின்றன.

இறுதிக் காலம்

1938ஆம் ஆண்டில் அமிர்தா ஹங்கேரி சென்று, தம் உறவினரும் மருத்துவருமாகிய விக்டர் ஏகன் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டில் இருவரும் இந்தியா வந்து, கோரக்பூர் மாவட்டத்துச் சராயா என்னும் ஊரில் வாழ்ந்தனர். 1941ஆம் ஆண்டில் லாகூர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவருடைய ஓவியங்களின் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் திடீரென நோய் கண்டு, 1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் தீட்டத் தொடங்கிய ஓவியம் ஒன்று முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

அவர் வாழ்ந்த காலத்தில் ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலராகவே இருந்தனர். இன்றோ அவற்றுள் பல புதுதில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தை அணிசெய்கின்றன. இந்திய அரசு அவருடைய படைப்புகளை நாட்டின் கலைச்செல்வம் என அறிவித்துச் சட்டத்தால் காத்து வருகிறது. 1937ஆம் ஆண்டில் அவர் தீட்டிய ‘கதை சொல்பவர்’ என்னும் ஓவியம், 2023ஆம் ஆண்டில் 61 கோடி ரூபாய்க்கும் மேலாக ஏலம் போயிற்று.

முடிவுரை

அமிர்தா பாரிஸ் நகரில் வாழ்ந்தது ஏறத்தாழ ஐந்தாண்டுகளே. அந்நகரம் அவர் கைக்குத் திறம் அளித்தது. கண்ணுக்குத் தெளிவு அளித்தது. அத்தெளிவு கொண்டு அவர் கண்டதோ பாரிஸ் அன்று. சிம்லா மலைச்சரிவும் குமரிக் கடற்கரையும் அங்கு வாழ்ந்த எளிய மக்களுமே. எங்குச் சென்று கற்பினும், கற்ற கல்வி தம் மக்களைக் கூர்ந்து நோக்கும் கண்ணாக அமைதல் வேண்டும் என்பதை அமிர்தாவின் வாழ்வு உணர்த்துகிறது. இளமையிற் புகழ் வந்து எய்திய போதும் அதனினும் உயர்ந்ததை நாடிச் சென்ற அவர்தம் உறுதி, கற்பார் அனைவரும் உளங்கொள்ளத் தக்கதாகும்.